காத்தை உள்ள திணிக்கிறதா, எஞ்சினையே மாத்துறதா

போன மாசம் நண்பனோட தம்பி ஒருத்தன் அவனோட சின்ன காரை எடுத்துக்கிட்டு வந்தான். 1 லிட்டர், மூணு சிலிண்டர், பத்து வருஷத்துக்கு மேல ஓடுன வண்டி, ஆனா பாசமா வச்சிருக்கான், பானட்டைத் திறந்தா ஒரு சொட்டு ஆயில் கசிவு கிடையாது. திறந்து வச்சுட்டு கேட்டான், "அண்ணா, இதுக்கு டர்போ மாட்டலாமா, இல்ல பெரிய எஞ்சினா தூக்கி வச்சுடலாமா, எது நல்லது?"

நான் உடனே பதில் சொல்லல. ஏன்னா இதே கேள்வியை நானும் ஒரு காலத்துல கண்டவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டு அலைஞ்சிருக்கேன், ஆளுக்கு ஒன்னு சொன்னாங்க, கடைசியில ரெண்டையும் ஒரே வண்டியில பண்ணிப் பாத்தேன். முதல்ல டர்போ, அது எட்டு மாசம் ஓடுச்சு. அப்புறம் எஞ்சின் ஸ்வாப், அதாவது எஞ்சினையே மாத்துறது, அது இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்ச விஷயம் ஒன்னுதான், எதுல எத்தனை குதிரைசக்தி வரும்ங்கிறதை வச்சு இதை முடிவு பண்ணவே கூடாது. வேலையும் தலைவலியும் எங்க வந்து உக்காரணும்னு யோசிக்கணும். டர்போன்னா அந்தத் தலைவலி எஞ்சினுக்கு உள்ள போயிடும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்வாப்னா அது வெளிய நிக்கும், கையால தொட்டுப் பாத்து சரி பண்ணிடலாம். இதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுசா ஆச்சு, அதைத்தான் இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல காத்துல இருந்து ஆரம்பிக்கணும். எஞ்சின்ங்கிறது அடிப்படையில ஒரு காத்து பம்ப். 1 லிட்டர் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை 1 லிட்டர் காத்தை இழுக்குது, அப்ப 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 3000 லிட்டர், அது கணக்குப்படி, நிஜத்துல வால்வு, ஃபில்டர், மேனிஃபோல்டு (காத்தை சிலிண்டருக்குக் கொண்டு போற குழாய்) எல்லாம் தடுக்கிறதால அதுல ஒரு 85 சதவீதம் போனாலே பெரிய விஷயம். பெட்ரோல் எவ்வளவு வேணா ஊத்தலாம், அதை எரிக்க காத்து வேணும், 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து. அதனால சக்தி வேணும்னா காத்து கூடணும், அதுக்கு ரெண்டே வழி. அதே அறைக்குள்ள அழுத்தித் திணிக்கணும், அது டர்போ, எக்ஸாஸ்ட் புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும், அதே ஷாஃப்ட்ல இருக்கிற இன்னொரு சக்கரம், கம்ப்ரஸர், காத்தை அமுக்கி உள்ள அனுப்பும். இல்ல அறையைப் பெருசாக்கணும், அது ஸ்வாப். (ஆர்பிஎம்மை ஏத்துறதுன்னு மூணாவதா ஒன்னு இருக்கு, கேம் மாத்தி, ஹெட் வேலை பண்ணி, அது சின்ன வண்டியை ரோட்டுல ஓட்டுறவனுக்குத் தேவையில்லாத வேலை, விட்டுடுவோம்.)

இப்ப ஒரு சின்ன கணக்கு போடுங்க. டர்போ கூடுதலா குடுக்கிற அழுத்தத்துக்குப் பேர் பூஸ்ட், அதை பார்ங்கிற அளவுல சொல்வாங்க, 0.5 பார் பூஸ்ட்னு எல்லாரும் சொல்ற சாதாரண அளவையே எடுத்துக்குவோம். வெளிய இருக்கிற காத்து 1 பார், அதுல 0.5 சேத்தா 1.5, அப்ப 50 சதவீதம் காத்து கூடும்னு தோணும். கூடாது. காத்தை அமுக்குனா சூடாகும், சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பாகம் சுடுதுல்ல, அதே கதை. 30 டிகிரியில உள்ள போற காத்து, கம்ப்ரஸர் 70 சதவீத திறனோட வேலை செஞ்சா, வெளிய வரும்போது 80 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடான காத்து விரிஞ்ச காத்து, அடர்த்தி குறைஞ்சுடும். கணக்கு போட்டா கிடைக்கிறது 28 சதவீதம்தான். 50 எங்க, 28 எங்க! நல்ல இன்டர்கூலர் (அந்தச் சூடான காத்தைக் குளிர வைக்கிற ரேடியேட்டர் மாதிரி ஒன்னு) வச்சு அதை 45 டிகிரிக்குக் கொண்டு வந்தா 43 சதவீதம் வரைக்கும் போகும்.

இப்ப இந்தப் பக்கம் பாருங்க. 1 லிட்டருக்குப் பதிலா 1.3 லிட்டர் எஞ்சின் வச்சா 30 சதவீதம் காத்து கூட, எந்தச் சூடும் இல்லாம, எந்த அழுத்தமும் இல்லாம. அதாவது இன்டர்கூலர் இல்லாத 0.5 பார் டர்போவும் 1.3 லிட்டர் எஞ்சினும் காத்துக் கணக்குல ஏறக்குறைய ஒன்னு! இதை முதல் தடவை பேப்பர்ல போட்டுப் பாத்தப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஆனா நான் அதைப் போட்டுப் பாத்தது எஞ்சின் உடைஞ்சதுக்கு அப்புறம்.

உடைஞ்ச கதையைச் சொல்லியே ஆகணும், ஏன்னா அதுலதான் டர்போவோட சூட்சுமம் எல்லாம் இருக்கு. நான் வச்சது சின்ன டர்போ, பூஸ்ட் 0.4 பார்தான், பயந்து பயந்துதான் வச்சேன். மேனிஃபோல்டு அடிச்சாச்சு, ஆயில் லைன் இழுத்தாச்சு, எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி, அந்த சம்ப்புல ஓட்டை போட்டு திரும்பி வர்ற டியூபும் வச்சாச்சு. அந்த டியூப் விஷயத்தை மட்டும் நல்லா பண்ணிருந்தேன், டர்போவுல இருந்து ஆயில் தானா கீழ விழணும், அழுத்தமெல்லாம் இருக்காது, அதனால டியூப் தடிமனா, வளைவு இல்லாம, சம்ப்புல ஆயில் நிக்கிற மட்டத்துக்கு மேல போய்ச் சேரணும். சின்ன டர்போவோட ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்தைத் தாண்டிப் போகும், சிலது ரெண்டு லட்சம் வரைக்கும், அது மிதக்கிறதே அந்த மெல்லிசான ஆயில் படலத்துலதான், அங்க ஆயில் தேங்கிடுச்சுன்னா சீல் வழியா கசிஞ்சு வெள்ளைப் புகையா வரும்.

தப்பு நடந்தது பெட்ரோல் பக்கம். வேலை செஞ்சு குடுத்த இடத்துல கம்பெனி ஈசியூவை, அதான் எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரை, அப்படியே விட்டுட்டாங்க, பெட்ரோல் பிரஷரை ஏத்துற ஒரு ரெகுலேட்டர் மட்டும் போட்டு, போதும், குறைஞ்ச பூஸ்ட்தானேன்னு அனுப்பிட்டாங்க. என் வண்டியோட ஈசியூ மேனிஃபோல்டுல இருக்கிற பிரஷர் சென்சாரைப் பாத்துதான் பெட்ரோல் கணக்கு போடும், அந்த சென்சார் படிக்கிறது 1 பார் வரைக்கும்தான். டர்போ 1.4 பார் குடுத்தாலும் சென்சார் 1 பார்னுதான் சொல்லும், ஈசியூவும் அதை நம்பி 1 பாருக்கான பெட்ரோலைத்தான் தெளிக்கும். மிச்சத்தை அந்த ரெகுலேட்டர் ஈடுகட்டணும். ஆனா பிரஷரை ரெண்டு மடங்கு ஏத்துனா பெட்ரோல் ரெண்டு மடங்கு வராது, வர்க்கமூலக் கணக்குலதான் ஏறும், ரெண்டு மடங்கு பெட்ரோல் வேணும்னா நாலு மடங்கு பிரஷர் வேணும். 3 பார் பம்ப்பை 12 பாருக்கு ஏத்த முடியுமா, கதையில கூட முடியாது.

இதுல இன்னொரு விஷயம், பூஸ்ட்ல ஓடும்போது 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்துங்கிற கணக்கு சரிவராது, காத்து 12 கிலோ பக்கத்துல, சில சமயம் 11.5 கிலோ வர்ற அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டித்தான் ஓட்டணும், அந்தக் கூடுதல் பெட்ரோல் உள்ள ஆவியாகி சூட்டைக் குறைக்கும். அதனால 60 குதிரைசக்தி வண்டியை 90க்குக் கொண்டு போறோம்னா சக்தி ஒன்றரை மடங்குதான், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெருசு வேணும். மூணு சிலிண்டருக்கு 60க்கு ஒவ்வொன்னும் நிமிஷத்துக்கு 130 சிசி போதும்னா 90 டர்போவுக்கு 235 சிசி பக்கம் வரும். இதெல்லாம் அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லல.

ஒரு நீளமான ஏத்தம், நாலாவது கியர், ஆக்ஸிலேட்டர் தரையோட தரையா மிதிச்சிருக்கேன், வண்டி இழுக்குது பாருங்க, அந்த இழுவை இருக்கே, அதை நான் இன்னிக்கும் குறை சொல்ல மாட்டேன், 2500 ஆர்பிஎம்ல இருந்து முதுகுல கை வச்சுத் தள்ற மாதிரி. அப்ப ஒரு சத்தம் வந்துச்சு. தகர டப்பாவுல நாலு கூழாங்கல்லைப் போட்டு குலுக்குற மாதிரி, மெல்லிசா. எக்ஸாஸ்ட் மேல இருக்கிற தகடு லூசாகி ஆடுதுன்னு நினைச்சேன். மூணு நாள் அந்தச் சத்தத்தோட ஓட்டினேன். நாலாவது நாள் பின்னாடி நீலப் புகை.

எனக்கு வேலை கத்துக்குடுத்த மெக்கானிக் அண்ணன் வந்து வேற எதையும் தொடல, முதல்ல பிளக்கைத்தான் கழட்டினார். மூணாவது சிலிண்டர் பிளக்கை வெளிச்சத்துல திருப்பிக் காட்டி, "தம்பி, பக்கத்துல வந்து பாரு"ன்னார். வெள்ளை பீங்கான் மேல பேனா முனையால குத்துன மாதிரி சின்னச் சின்ன கருப்புப் புள்ளிங்க, அதுக்கு நடுவுல ஒன்னு ரெண்டு பளபளன்னு வெள்ளி மாதிரி மினுக்குது. "இது என்ன தெரியுதா? அலுமினியம். உன் பிஸ்டன்தான் கரைஞ்சு இங்க வந்து ஒட்டிக்கிட்டு இருக்கு." ஹெட்டைப் பிரிச்சு பிஸ்டனை வெளிய எடுத்தா முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கிற அந்த மெல்லிசான மேடு ஒரு விரல் நீளத்துக்கு உடைஞ்சு தனியா கையில வருது.

அந்தக் கூழாங்கல் சத்தம்தான் நாக்கிங். பிளக் பத்த வச்ச நெருப்பு ஒரு பக்கமா பரவிக்கிட்டு வரும்போது, இன்னும் எரியாம மூலையில இருக்கிற கலவை, சூடும் அழுத்தமும் தாங்காம தானாவே ஒரே நொடியில வெடிக்குது. எரியுறது வேற, வெடிக்கிறது வேற. சுத்தியலால அடிச்ச மாதிரி அந்த அலை பிஸ்டன்ல போய் மோதும். பூஸ்ட் இதுக்கு ரெண்டு வகையிலயும் தீனி போடுது, காத்தும் சூடு, அழுத்தமும் கூட. அதனாலதான் பூஸ்ட்ல ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தணும், ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தோட இன்னொரு அளவு) பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரின்னு பழைய கைக்கணக்கு ஒன்னு உண்டு, 0.4 பாருன்னா 6 பிஎஸ்ஐ கிட்ட வரும், 6 டிகிரி பின்னாடி போயிருக்கணும். என் வண்டியில ஒரு டிகிரி கூட மாத்தல.

கம்ப்ரஷன் ரேஷியோவும், அதாவது பிஸ்டன் மேல வரும்போது கலவையை எத்தனை மடங்கு அமுக்குதுங்கிற கணக்கும், இதுல சேரும். டர்போ இல்லாம டிசைன் பண்ண சின்ன எஞ்சின் பலதும் 10க்கு 1 பக்கத்துல இருக்கும். 1973ல பிஎம்டபிள்யூ 2002 டர்போன்னு ஒன்னு விட்டாங்க, 2 லிட்டர், 170 குதிரைசக்தி, அதுல கம்ப்ரஷனை 6.9க்கு இறக்கி வச்சிருந்தாங்க. எலக்ட்ரானிக் கட்டுப்பாடு எல்லாம் இல்லாத காலம், நாக்கிங்குக்குப் பயந்து அவ்வளவு இறக்க வேண்டியிருந்துச்சு, அதனால டர்போ வேகம் எடுக்கிற வரைக்கும் வண்டி சோம்பேறியா கிடக்கும், எடுத்ததும் பாயும். எஞ்சின் செஞ்சவங்களே அவ்வளவு விட்டுக்குடுக்க வேண்டியிருந்துச்சுன்னா, நாம வெளிய இருந்து மாட்டுறவங்க எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்.

இங்க ஒரு எஞ்சினோட கதையைச் சொல்லணும், எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச கதை இது. 1962ல ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்னு ஒரு அமெரிக்கக் கார் வந்துச்சு, டர்போவோட விற்பனைக்கு வந்த முதல் கார்கள்ல ஒன்னு. 3.5 லிட்டர் அலுமினிய வி8. கம்ப்ரஷன் 10.25, அதை அவங்க இறக்கல, அது மேலயே டர்போவை வச்சுட்டாங்க. நாக்கிங்கைத் தடுக்க தனியா ஒரு டேங்க், அதுல காய்ச்சி வடிச்ச தண்ணியும் மெத்தனாலும் கலந்த திரவம், டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்னு பேர், பூஸ்ட் வரும்போது காத்தோட சேத்து தெளிக்கும். நல்ல யோசனை, தொழில்நுட்பமா பாத்தா தப்பே இல்ல. ஆனா கார் வாங்குனவங்க அந்த டேங்க்கை நிரப்ப மறந்தாங்க. காலியானா பூஸ்ட்டைக் குறைக்கிற ஏற்பாடும் இருந்துச்சு, ஆனா அப்ப வண்டி மந்தமா போகும், ஜனங்களுக்குப் பிடிக்கல. கடைசியில நிறைய வண்டியில டர்போவையே கழட்டிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் குடுத்தாங்க. 1963க்கு அப்புறம் அந்த மாடல் இல்ல.

அந்த எஞ்சினோட கூடப்பிறந்தது ஒன்னு இருந்துச்சு, பியூக் வடிவம், அதே 3.5 லிட்டர், அதே அலுமினியம். அந்த டிசைனை 1960-கள் நடுவுல இங்கிலாந்துல ரோவர் கம்பெனி வாங்குச்சு. டர்போ எல்லாம் இல்லாம சும்மா ஓட விட்டாங்க. அலுமினியம்ங்கிறதால எடை கம்மி, எம்ஜிபின்னு ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார்ல இருந்த இரும்பு நாலு சிலிண்டருக்கும் இதுக்கும் எடையில பெரிய வித்தியாசமே இல்ல. கென் காஸ்டெல்லோன்னு ஒருத்தர் அதைத் தூக்கி எம்ஜிபியில வச்சு வித்தார், அதைப் பாத்துட்டு 1973ல எம்ஜிபி செஞ்ச கம்பெனியே எம்ஜிபி ஜிடி வி8னு விட்டுச்சு. அப்புறம் அந்த எஞ்சின் இடம் பெயர்ந்து போகாத வண்டி இல்ல, 2000-கள் வரைக்கும் தயாரிப்புல இருந்துச்சு. ஒரே குடும்பத்து எஞ்சின்தான். டர்போ வச்சப்ப ஓட்டுறவன் தினமும் கவனிக்க வேண்டிய ஒன்னா ஆச்சு, ரெண்டே வருஷத்துல முடிஞ்சுது. அப்படியே தூக்கி வேற வண்டியில வச்சப்ப நாப்பது வருஷம் போல ஓடுச்சு. என் வண்டியில நடந்ததையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நான் பல தடவை யோசிச்சிருக்கேன்.

சரி, ஸ்வாப்புக்கு வருவோம். அது சுலபம்னு நான் சொல்லவே மாட்டேன், வேலை டர்போவை விட அதிகம், ஆனா எல்லாமே கண்ணு முன்னாடி நடக்கிற வேலை. நான் எடுத்தது அதே கம்பெனியோட அதே குடும்பத்து 1.3 லிட்டர் நாலு சிலிண்டர். முழு வண்டியாவே வாங்கினேன், இடிபட்ட வண்டி, பின்பக்கம் நசுங்கினது, முன்பக்கம் சுத்தம். இதை மட்டும் யார் கேட்டாலும் சொல்வேன், தனி எஞ்சினா வாங்காதீங்க, முழு வண்டியா வாங்குங்க. எஞ்சின் கிடைச்சுடும், அதோட ஒரு சின்ன பிராக்கெட், ஒரு சென்சார், ஒரு ரிலே, கியர் கேபிளோட ஒரு கிளிப், இதுக்காகத்தான் வாரக்கணக்கா அலைய வேண்டி வரும்.

மூணு சிலிண்டர்ல இருந்து நாலுக்குப் போனா எஞ்சின் எட்டு ஒம்பது சென்டிமீட்டர் நீளமாகுது. குறுக்கா படுத்திருக்கிற எஞ்சின்ல அந்த நீளம் பக்கவாட்டுல போகும், பெல்ட் இருக்கிற பக்கம் சேஸிஸ்ல இடிக்குமான்னு பாக்கணும். செயின் பிளாக்ல தொங்க விட்டு ஒவ்வொரு விரக்கடையா இறக்கினோம், அண்ணன் கீழ படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு "விடு, விடு, நிறுத்து"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். கியர்பாக்ஸ் பக்க மவுண்ட் அப்படியே போல்ட் ஏறிடுச்சு. மத்தப் பக்கம் 14 மில்லிமீட்டர் தள்ளி நின்னுச்சு, பிராக்கெட் புதுசா அடிச்சோம். பானட் மூடுமான்னு பாக்க எஞ்சின் மேல களிமண் உருண்டைங்களை வச்சு, பானட்டை மெதுவா மூடித் திறந்து, நசுங்கின களிமண்ணை அளந்தோம், ஒரு இடத்துல 9 மில்லிமீட்டர்தான் மிச்சம். எஞ்சின் ஆக்ஸிலேட்டர் குடுத்தா முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்துக்கு 9 பத்தாது, மவுண்ட்டைக் கொஞ்சம் இறக்குனோம்.

இந்த இட நெருக்கடி பெரிய கம்பெனிக்கே வந்திருக்கு. 1964ல சன்பீம் டைகர்னு ஒரு கார், நாலு சிலிண்டர் சன்பீம் ஆல்பைன்ல ஃபோர்டோட வி8 எஞ்சினைத் திணிச்சு செஞ்சது. எஞ்சின் உள்ள போயிடுச்சு, ஆனா பின்னாடி மூலையில இருக்கிற ஒரு பிளக்கை பானட் பக்கமா தொடவே முடியல, அதுக்காக டிரைவர் உக்கார்ற அறைக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல ஒரு ஓட்டை போட்டு மூடி வச்சாங்க, அந்த பிளக்கைக் கழட்டணும்னா காருக்கு உள்ள உக்காந்துதான் கழட்டணும். அதனால எஞ்சின் உள்ள போகுமான்னு மட்டும் பாத்தா பத்தாது. போனதுக்கு அப்புறம் பிளக், ஃபில்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச் இதெல்லாம் கைக்கு எட்டுமான்னு பாக்கணும்.

கியர்பாக்ஸ்ல இருந்து வீலைச் சுத்துற டிரைவ் ஷாஃப்ட் அடுத்தது. உள்பக்க ஜாயின்ட் புது கியர்பாக்ஸுக்கு, வெளிபக்க ஜாயின்ட் நம்ம பழைய ஹப்புக்கு, நடுவுல ஷாஃப்ட் எது சரியா வருதோ அது. வண்டியைத் தூக்கி வீலைத் தொங்க விட்டு ஒரு தடவை, ஜாக் வச்சு முழுசா மேல தள்ளி ஒரு தடவை, ரெண்டுலயும் ஜாயின்ட் கழண்டு வராம, அடியில போய் முட்டாம இருக்கணும். இதைப் பாக்காம விட்டா முதல் பெரிய பள்ளத்துல தெரிஞ்சுடும்.

வயரிங்தான் என்னை அழ வச்சது, நாலு ராத்திரி. எஞ்சின் முதல் சாவியிலயே ஸ்டார்ட் ஆச்சு, சந்தோஷத்துல அண்ணனைக் கட்டிப் பிடிச்சேன், ஆனா ஓட்டிக்கிட்டு போய் பிரேக் பிடிச்சு நிறுத்துனா ஐடில் (ஆக்ஸிலேட்டரை விட்டப்ப எஞ்சின் ஓடுற வேகம்) ஏறி இறங்கி ஆஃப் ஆகுது. ரெண்டு வாரம் தேடினோம், காத்து லீக்கா, ஐடில் வால்வா, எதுவுமே இல்ல. கடைசியில பாத்தா வண்டி ஓடுற வேகத்தைச் சொல்ற சிக்னல் வயர் ஈசியூவுக்கே போகல. வண்டி நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சாதான அது ஐடிலைத் தாங்கிப் பிடிக்கும், அதுக்கு அது தெரியவே இல்ல. ஒரே ஒரு வயர், இணைச்சதும் அன்னிக்கே சரியாச்சு. இதைத்தான் நான் முதல்ல சொன்னேன், ஸ்வாப்புல வர்ற பிரச்சினை பிரச்சினையாவே முன்னாடி வந்து நிக்கும், வண்டி நிக்கும், இடிக்கும், லைட் எரியும். பிஸ்டனுக்குள்ள சத்தமில்லாம விரிசல் விடாது.

கியர்பாக்ஸை மறந்துடாதீங்க. கியர்பாக்ஸைக் கொல்றது டார்க், அதாவது முறுக்குற விசை, குதிரைசக்தி இல்ல, டர்போ குடுக்கிறதும் அந்த டார்க்தான், அதுவும் குறைஞ்ச ஆர்பிஎம்லயே. 1982ல எம்ஜி மெட்ரோ டர்போன்னு ஒரு சின்ன கார் வந்துச்சு, 1.3 லிட்டர், கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில சம்ப்புக்குள்ளயே இருக்கிற டிசைன். அந்த கியர்பாக்ஸ் தாங்காதுன்னு தெரிஞ்சு, குறைஞ்ச ஆர்பிஎம்ல பூஸ்ட்டைக் கட்டிப் போட்டு, மேல போகப் போகத்தான் விடுற மாதிரி செட் பண்ணாங்க. கனெக்டிங் ராடும் அப்படித்தான், அதிக ஆர்பிஎம்ல அது இழுபட்டு அறுந்து போகும், குறைஞ்ச ஆர்பிஎம்ல பெரிய பூஸ்ட் குடுத்தா நசுங்கி வளையும். ஸ்வாப்புல எஞ்சினோட அதோட கியர்பாக்ஸும் வந்துடுறதால இந்தக் கவலை பாதி தீந்துடும்.

டர்போவை வெறுத்து எழுதுறேன்னு நினைக்காதீங்க. எக்ஸாஸ்ட்டுல வீணா போற சூட்டைப் பிடிச்சு வேலை வாங்குற யோசனை, ஆல்ஃபிரெட் பூஹின்னு ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர் 1905லயே காப்புரிமை வாங்கினார், பெட்ரோல்ல இருக்கிற சக்தியில மூணுல ஒரு பங்கு அந்தச் சைலன்சர் வழியாத்தான் போகுது, அதை யாராவது பிடிக்கணும்தான். மலைப் பகுதியில இருக்கிறவங்களுக்கு நான் டர்போதான் சொல்வேன், உயரம் ஏற ஏற காத்து மெல்லிசாகும், 2000 மீட்டர்ல சாதாரண எஞ்சின் ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு சக்தியை இழந்துடும், 1.3 வச்சாலும் அதே விகிதத்துல இழக்கும், டர்போ அதை ஈடுகட்டிடும். 1918ல சான்ஃபோர்ட் மாஸ்ங்கிறவர் ஒரு பெரிய விமான எஞ்சினை லாரியில ஏத்தி 4300 மீட்டர் உயர பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போய் இதைத்தான் நிரூபிச்சார், டர்போ இல்லாம மூணுல ஒரு பங்கு போன சக்தி டர்போ போட்டதும் தரையில இருந்த அளவுக்கே திரும்ப வந்துச்சு.

அப்புறம், புது வண்டி வச்சிருக்கிறவங்களுக்கும் ஸ்வாப் கஷ்டம். இப்ப வர்ற வண்டியில மீட்டர், ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், ஏர்பேக் எல்லாம் ஒரே வயர்ல ஒன்னோட ஒன்னு பேசிக்கிட்டு இருக்கு, எஞ்சின் ஈசியூவை மாத்துனா மத்தது எல்லாம் முகத்தைத் திருப்பிக்கும். அங்க நல்ல ஈசியூ, பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், 2 பார் சென்சார், காத்து-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுற வைட்பேண்ட் மீட்டர் எல்லாம் முழுசா போட்டு 0.4, 0.5 பாரோட நிறுத்திக்கிட்டா டர்போ நல்லாவே வாழும். முழுசாப் போடணும், அதுதான் முக்கியம். பாதி போட்டா என் கதைதான்.

என்னைக் கேட்டா ரெண்டையும் விட நல்லது டர்போவோடயே பிறந்த எஞ்சினைத் தூக்கி வைக்கிறது. ஃபோர்டோட 1 லிட்டர் ஈகோபூஸ்ட் மூணு சிலிண்டர் 2012ல வந்தப்ப அதுல 125 குதிரைசக்தி வரைக்கும் எடுத்தாங்க, அதுவும் 10க்கு 1 கம்ப்ரஷன்ல! பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே தெளிக்கிறதால அது உள்ளேயே ஆவியாகி கலவையைக் குளிர வைக்குது. இந்த மாதிரி எஞ்சின்ல பிஸ்டன், ரிங், வால்வு, ஆயில் வழி எல்லாமே பூஸ்ட்டை மனசுல வச்சு முதல்லயே செஞ்சது. மூணு சிலிண்டருக்குப் பதிலா மூணு சிலிண்டர்ங்கிறதால நீளமும் பெருசா கூடாது. வயரிங் மட்டும் மலை மாதிரி இருக்கும்.

எதைப் பண்ணாலும் பிரேக்கை முதல்ல பண்ணுங்க. ரேடியேட்டரும் பெருசு வேணும். ஸ்வாப்னா முன்பக்கம் எடை கூடும், எனக்கு 22 கிலோ கூடுச்சு, ஸ்ப்ரிங் மாத்தினேன். எஞ்சின் நம்பர் மாறுறதால பதிவு, இன்சூரன்ஸ் ரெண்டுலயும் எழுதி வாங்கிடுங்க, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, முடிச்சுட்டுப் போய் நிக்காதீங்க.

இவ்வளவையும் கேட்டுட்டு அந்தத் தம்பி, "சரிண்ணா, என் வண்டிக்கு என்ன சொல்றீங்க"ன்னு திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தான். வாய்ல சொல்ல முடியாது, எஞ்சினையே கேப்போம்னு சொல்லி, சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் வருதுன்னு அளக்கிற கம்ப்ரஷன் மீட்டரை எடுத்தேன். எஞ்சினைச் சூடாக்கி, மூணு பிளக்கையும் கழட்டி, பெட்ரோலை கட் பண்ணி, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர் சுத்த விட்டான். முதல் சிலிண்டர் 12.4 பார். ரெண்டாவது 12.2. மூணாவது 9.7. அவன் முகம் சுருங்கிடுச்சு. மூணாவதுல மட்டும் ஒரு ஸ்பூன் ஆயிலை ஊத்தி திரும்ப சுத்த விட்டோம், 11.8க்கு ஏறுச்சு. ஆயில் ஊத்தி ஏறுதுன்னா வால்வு இல்ல, ரிங் தேஞ்சிருக்கு. தேஞ்ச ரிங் மேல பூஸ்ட் குடுத்தா அவ்வளவும் சம்ப்புக்குள்ளதான் போகும், டிப்ஸ்டிக்கைத் தூக்கி வீசும்.

"அப்ப டர்போ இல்லையாண்ணா"ன்னான். "இந்த எஞ்சினுக்கு இல்லடா"ன்னேன். அவனே உக்காந்து தேடி, அதே குடும்பத்து 1.3 எஞ்சினோட இடிபட்ட வண்டி ஒன்னைப் பிடிச்சிருக்கான், ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பாக்கப் போறோம். அந்த வண்டிக்காரருக்கு அவனை போன் பண்ணி ஒன்னே ஒன்னு சொல்லச் சொல்லியிருக்கேன், நாங்க வர்ற வரைக்கும் யாரும் வயரை வெட்டக் கூடாது.